களத்துமேட்டில் ஒரு மனை

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வாப்பா சொல்லுவார். கை நீளமாக இருந்தால்தான் குற்றம், வாய் நீளமாக இருந்தால் என்ன வாப்பா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அந்த வாய் மட்டும் இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கும் நான் தஞ்சாவூர் கீழவாசலில் யார் வீட்டு மாடியிலோ வாடகைக்கு இருந்து, கீழே இருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருப்பேன்.

நான் அதிராம்பட்டினத்துக்காரி. எங்கள் ஊரில் வீடு என்பது பெண்ணுடையது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். கட்டிக்கொள்கிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வந்து சேர்வார். எத்தனை வயதானாலும் அந்த வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே. சண்டை வந்தால் கதவைச் சாத்துகிற உரிமை எங்கள் கையில் இருக்கிறது, அவர்களிடம் இருக்கிறதா?

என் மூத்த அக்காமார் மூவருக்கும் வாப்பா ஆளுக்கொரு வீடு கொடுத்தார். நான்காவது நான். என்னை மட்டும் பாபநாசம் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் கொடுத்தார்கள். அங்கே நம் ஆட்கள்தான், பள்ளிவாசல் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் வீட்டுக்குப் பதிலாக நகை போட்டு அனுப்பிவைத்தார்கள். நகையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், மழை வந்தால் அதற்குள் ஒதுங்க முடியுமா?

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். நான் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தேன். பெரிய மச்சான் என்று நான் கூப்பிடுகிற அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். விடியும் முன் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விடுவார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஒருநாள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை மாட்டுவதற்காக நான் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். அவ்வளவுதான். "யாரைக் கேட்டு என் செவுத்துல ஆணி அடிச்சே?" என்று கேட்டுவிட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அடுத்த மாதமே பிள்ளை படிப்பைச் சாக்கு வைத்துக் கீழவாசலில் ஒரு மாடிக்கு வாடகைக்கு வந்தேன். அங்கே வீட்டுக்காரம்மா பங்குக்கு அவள் ஆரம்பித்தாள். அம்மி அரைக்கும் சத்தம் கேட்கிறதாம்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஒரு வீடு வேண்டும். சின்னதாக இருக்கலாம், ஊருக்கு வெளியே இருக்கலாம், கூரை ஓடாக இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் என் பெயர் இருக்க வேண்டும். நாளைக்கு என் மகளுக்கும் அதுதான் வீடு. இதைக் கேஸட்டில் பேசிப் பதிவு செய்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் பதில் கேஸட்டில் ஊர் நலம், உடல் நலம், மீன் விலை எல்லாம் விசாரித்துவிட்டு, "வீட்டு விஷயம் வந்து பேசிக்குவோம்" என்று முடித்திருந்தார். அவர் அப்படித்தான். விலாங்கு மீன் மாதிரி நழுவுவார்.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு மாத லீவில் வந்தார். வந்தவரை உட்காரவிடாமல் இடம் பார்க்கக் கிளப்பினேன். மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கமெல்லாம் டாக்டர்களும் புரொபசர்களும் வாங்குகிற இடம், அங்கே நாங்கள் வேடிக்கைதான் பார்க்கலாம். எங்கள் கைக்கு எட்டியது வெண்ணாற்றுப் பாலம் தாண்டி, கும்பகோணம் சாலையில் வயல்களுக்கு நடுவே புதிதாகப் போட்ட ஒரு நகர்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் நிலம் என்றாலே சண்டைதான். சென்னையில் எந்தக் கழகம் ஆண்டாலும் குத்தகைக்காரரைச் சட்டென்று வயலைவிட்டு எழுப்பிவிட முடியாதபடி சட்டம் இருந்தது. கூலிக்கு ஒரு போராட்டம், குத்தகை பாக்கிக்கு ஒரு கேஸ் என்று அலைந்து சலித்துப்போன நிலக்காரர்கள், ஊரை ஒட்டிய வயல்களைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கிக் கல் நட்டு மனையாக விற்பதற்கென்றே ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். இந்த நகரைப் போட்டவர் கட்சியில் ஏதோ ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். எப்போதும் கரைவேட்டிதான். நானும் அவருக்குக் கரைவேட்டி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழவாசலிலிருந்து வேன் வைத்து எல்லோரையும் அழைத்துப் போனார்கள். பெரிய மச்சான் பாபநாசத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நிலம் பார்க்க அவரை விட்டால் ஆள் யார்? போய் இறங்கினால் ஷாமியானா, மைக் செட்டில் கட்சிப் பாட்டு, ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம். குறுவை அறுத்த தாள் இன்னும் காலில் குத்தியது. அந்தத் தாளுக்கு நடுவே வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நின்றன. மூன்று தெருவுக்கு ஆளுங்கட்சித் தலைவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரரும் மனை வாங்க வேண்டுமே, நான்காவது தெருவுக்குப் பொதுவாகத் தமிழன்னை தெரு.

பெரிய மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டார். நேராக வாய்க்கால் ஓரத்துக்குப் போய்க் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுக் குழைத்தார், மோந்து பார்த்தார், கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு கரைவேட்டியிடம் கேட்டார்.

"இது எத்தனாவது மடைங்க?"

"முதல் மடைங்க. ஆத்துல தண்ணி திறந்தா இங்கதான் முதல்ல பாயும். தலைமடை."

"அப்படிச் சொல்லுங்க!" பெரிய மச்சான் என் வீட்டுக்காரர் தோளில் தட்டினார். "தம்பி, இதை விட்டுறாதே. மூணு போகம் விளையுற மண்ணுடா இது."

"மச்சான், நாம நெல்லு போடப் போறோமா, வீடு கட்டப் போறோமா?" என்றேன்.

"நிலம் நல்லா இருந்தாத்தாம்மா வீடு நல்லா இருக்கும்."

"மூணு போகம் விளையுற இடத்துல நான் அடுப்பை எங்க வைக்கிறது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கடற்கரைக்காரிக்கு என்ன தெரியும் என்று எழுதி ஒட்டியிருந்தது. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அங்கே வந்திருந்த வாத்தியார், பாங்க் குமாஸ்தா, போஸ்ட் ஆபீஸ்காரர் எல்லோரும் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில்தான் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு பிடி மண். பிறந்தது முதல் தலைமடை உசத்தி, மேடு மட்டம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். மனை வாங்க வந்த இடத்திலும் கை தானாக மண்ணுக்குப் போகிறது. கரைவேட்டி லேசுப்பட்டவரா? அந்த வரிசைக்குத் தலைமடை மனைகள் என்று போர்டே எழுதி வைத்து, மற்ற இடத்தைவிடக் கூடுதல் விலை சொன்னார். அதற்கும் முண்டியடித்தார்கள். பெரிய மச்சானும் முண்டியடித்து எங்களுக்கென்று ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்து, ரசீதைத் தன் பெயரிலேயே வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் பின்பக்கம் பார்த்தேன். நகரின் கடைசியில் ஒரு மேடு இருந்தது. நெல் அடித்த களம். மேலே ஒரு வைக்கோல் போர், ஒரு குடிசை, மூங்கிலில் கட்டிய ஒரு சிவப்புக் கொடி. வரைபடத்தில் அந்த மேடு இரண்டு மனையாகப் பிரிந்திருந்தது, ஆனால் அங்கே நட்ட கற்களை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

"அது என்னங்க?" என்றேன்.

"அது ஒண்ணுமில்லைங்க, பாயம்மா," என்றார் கரைவேட்டி. "குத்தகைக்காரங்க. போயிருவாங்க. அந்த மேட்டை யாரு கேக்கப்போறா?"

அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் மனசுக்குள் கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். புயல் வந்தால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் நுழையும், எந்த வீட்டுக்கு நுழையாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்கு முதல் பொருத்தம் மேடு. மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு பொருளை விற்கிறவன் காட்டுகிற நேரத்தில் பார்ப்பவள் ஏமாளி. அவன் காட்டாத நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்து இரண்டு நாள் அடைமழை கொட்டியது. மூன்றாம் நாள் லேசாக விட்டதும், மகளை அவள் அத்தாவிடம் (புருஷன் ஊரில் வாப்பாவை அத்தா என்பார்கள்) விட்டுவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் கீழவாசல் மார்க்கெட்டில் அரிசி, எண்ணெய், ஒரு பெரிய பறங்கிக்காய் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இடம் பார்க்கப் போகிறவளுக்குப் பறங்கிக்காய் எதற்கு என்று கேட்பீர்கள். நாளைக்கு அங்கே குடியிருந்தால் மழையிலும் சாமான் தூக்கிக்கொண்டுதானே போக வேண்டும்? வெறுங்கையோடு நடந்து பார்த்தால் எந்த ரோடும் நல்ல ரோடுதான்.

டவுன் பஸ் வந்தபாடில்லை. வந்ததும் நின்றுகொண்டேதான் போனேன். இறங்கின இடத்திலிருந்து செம்மண் ரோட்டில் நடந்தேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, துப்பட்டியின் கீழ்ப்பாதி மண் நிறமாகிவிட்டது, பை தோளை இறக்கியது. ஆனால் நடக்க முடிந்தது. பாதித் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டிக்கடை, ஒரு ரேஷன் கடை. பள்ளிவாசல் கண்ணுக்கெட்டின தூரம் வரை இல்லை. பாங்கு காதில் விழாது. அது எனக்கு உறுத்தியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறந்தது முதல் பாங்குச் சத்தத்தில் எழுந்தவள் நான். சரி, கடிகாரம் இருக்கிறது, மனசு இருக்கிறது, அல்லாஹ் எல்லா இடத்திலும்தான் இருக்கிறான் என்று அதையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு நடந்தேன்.

தலைமடை மனைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரே குளம். கற்களின் வெள்ளைத் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. எங்களுக்கென்று முன்பணம் கட்டிய மனையின் கல் மேல் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னாலேயே அது குடிவந்துவிட்டது.

மேட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. ஆடுகள் வைக்கோல் போரை உரசிக்கொண்டு படுத்திருந்தன. குடிசை வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாயம்மா நனையுறீங்க? மேல ஏறி வாங்க."

ஏறிப் போய் உட்கார்ந்தேன். சுக்கு போட்ட காப்பி கொடுத்தாள். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டாள். மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன்.

"அக்கா, எனக்கு இந்த மேடுதான் வேணும்."

"எனக்கும் அதான் வேணும்," என்றாள் அவள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

அப்புறம் அவள் கதை வந்தது. அந்த வயலெல்லாம் அவள் மாமனார் காலத்திலிருந்து அவர்கள் குத்தகை. நிலக்காரர் விற்கப்போகிறேன் என்றதும் கேஸ், சங்கம், தாசில்தார் ஆபீஸ் என்று நடந்து, கடைசியில் அவள் புருஷன் ஒரு தொகைக்குச் சம்மதித்து வயல்களை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலை பாயம்மா. நாத்து நட்டது நானு, களை பறிச்சது நானு. கையெழுத்து மட்டும் அவரு." விரலை விட்டு எண்ணிக் காட்டினாள். "ஆனா களத்துக்கு எழுதிக் குடுக்கலை. எழுதி வாங்குனவங்களே மறந்துட்டாங்க. நெல்லு விளையாத இடம்தானேன்னு விட்டுட்டாங்க. நான் விடுவேனா? கொடியை நட்டுட்டேன்."

"எதுக்கு நட்டீங்க? திரும்ப நெல்லு அடிக்கவா?"

"நெல்லு எங்க இருக்கு அடிக்க? எனக்குக் குந்த ஒரு இடம் வேணும். யாரும் எந்திரிச்சுப் போன்னு சொல்லாத இடமா வேணும்."

நான் கேஸட்டில் பேசிப் பேசி அனுப்பியதை இவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இந்த மேடு ரெண்டு மனை. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கரைவேட்டிகிட்ட நான் பேசுறேன். ஆனா ஒண்ணு, உங்க மனையை உங்க பேர்ல எழுதச் சொல்லுங்க. எங்க ஊர்ல வீடு பொம்பளை பேர்லதான்."

"பொம்பளை பேர்லயா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்ல ஊராத்தான் இருக்கு."

பறங்கிக்காயை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போகிறபோது தூக்க வேண்டாமே.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கரைவேட்டியின் ஆபீஸுக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார், ஆனால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. கொடி நிற்கிறவரை மேட்டில் ஒரு மனையும் விற்காது, ஒன்றை இந்த அக்காவுக்கு அவர்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள், கொடி இறங்கும், மற்றதை நான் வாங்கிக்கொள்கிறேன், தலைமடை மனையை நீங்கள் வேறு யாருக்காவது கூடுதலாகவே விற்றுக்கொள்ளலாம் என்றேன். கரைவேட்டி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாயம்மா, நீங்க எலெக்‌ஷன்ல நிக்கலாம்," என்றார்.

"முதல்ல வீட்டுல நிக்கிறேன்," என்றேன்.

அவருக்கும் அந்த மேடு தொண்டையில் சிக்கிய முள்ளாகத்தான் இருந்திருக்கிறது. சம்மதித்துவிட்டார். படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "எல்லாம் சரி புள்ள. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

சொன்னது நான்தான். பெரிய மச்சான் அடுத்த வாரம் வந்தபோது, சோறு போட்டுவிட்டு, தலைமடை மனையில் தண்ணீர் நிற்பதைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"தண்ணி நிக்குதா? எவ்வளவு?"

"முழங்கால் ஆழம் மச்சான்."

"பாத்தியா தம்பி, நான் சொன்னேன்ல! ஐப்பசியில முழங்கால் தண்ணி தேங்குற நிலம்னா தங்கம்டா, தங்கம்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மனிதரிடம் என்னத்தைச் சொல்ல? மேட்டு மனையைப் பற்றிச் சொன்னதும், களிமேடு, கரம்பு, ஒரு மணி நெல் முளைக்காது என்று அடுக்கினார். பக்கத்து மனை குத்தகைக்காரிக்கு என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அக்கம்பக்கத்தில் நம் ஆட்கள் யாருமே இல்லாத இடத்தில் எப்படி இருப்பாய் என்று கேட்டார். நம் ஆட்கள் நடுவில் இருந்துதான் ஓர் ஆணிக்குப் பதில் சொன்னேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும், சொல்லியே விட்டேன். அவருக்கு ஆணி ஞாபகமே இல்லை. அடித்தவளுக்குத்தான் ஞாபகம்.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, மேடோ பள்ளமோ உங்க இஷ்டம். வர்ற புதன்கிழமை பத்திரம் பதிய நான் வந்துடுறேன். என் பேர்லயே முடிச்சிடலாம்."

"உங்க பேர்லயா?"

"ஆமா. நம்ம குடும்பத்துல நிலம்னா மூத்தவன் பேர்லதான். அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். கிஸ்தி கட்டுறது நானு, ஜமாபந்திக்கு நிக்கிறது நானு. இவன் பங்கு எங்க போயிடும்?"

அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஏமாற்றுக்காரனாக இருந்தால் சண்டை போடலாம். இவர் பாசத்தோடு சொல்கிறார். தம்பியின் நன்மைக்கென்றே, உயிரைக் கொடுத்து, என் வீட்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்!

"மச்சான், நீங்க இவரை வளர்த்தீங்க. அதுக்கு ஆயுசுக்கும் உங்களுக்குத் துவா செய்வேன். ஆனா இந்த வீடு என் பேர்ல."

அவர் என்னிடம் பேசவில்லை. தம்பியைப் பார்த்தார். "நீ சொல்லுடா."

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொல்லுங்களேன், ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று என் உடம்பெல்லாம் கெஞ்சியது. அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்தப் புதன்கிழமை வரை நான் வீட்டு வேலையை மட்டும் பார்த்தேன். நான் ஒன்றே ஒன்று சொல்லிவைத்தேன்: "பத்திரத்துல என் பேர் இல்லைன்னா அந்தப் படியில நான் கால் வைக்க மாட்டேன். நீங்களும் உங்க அண்ணனும் போய் அங்க நெல்லு போட்டுக்கங்க." அவர் ம் என்றார். அந்த ம்முக்கு எந்த அகராதியில் அர்த்தம் தேடுவது? பெற்ற தாயைப் போல் வளர்த்த அண்ணனையும் கட்டிக்கொண்ட என்னையும் தராசின் இரண்டு தட்டில் வைத்தால் எது தாழும் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்திர ஆபீஸ் வாசலில் ஓலைக் கொட்டகைக்குள் பத்திரம் எழுதுகிறவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கரைவேட்டி தன் ஆட்களோடு வந்திருந்தார். குத்தகைக்கார அக்கா தன்னுடைய பத்திரத்துக்காக, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, புருஷனைப் பின்னால் நிற்கவைத்துவிட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பெரிய மச்சான் சலவைச் சட்டையும் தொப்பியுமாக வந்து, கேட்காமலே மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"வாங்குறவங்க பேர் சொல்லுங்க," என்றார் எழுதுகிறவர், பேனாவைத் திறந்து பெரிய மச்சானைப் பார்த்து.

பெரிய மச்சான் தொண்டையைச் செருமினார். அதற்குள் என் வீட்டுக்காரர் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"வாங்குறது இவங்க," என்று என்னைக் காட்டினார். என் பெயரைச் சொன்னார். என் வாப்பா பெயரைச் சொன்னார், என் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஒவ்வொன்றாக, எழுத்துப் பிசகாமல், அவர் எழுதி முடிக்கிறவரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "என்னைச் சாட்சியாப் போட்டுக்கங்க."

பெரிய மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கோபத்தைவிட அவர் முகத்தில் திகைப்புதான் அதிகம். சின்ன வயதில் தான் கைப்பிடித்து வயல் வரப்பில் நடக்கப் பழக்கிய பிள்ளை, எதிரே நிற்கிறது.

"அப்ப அந்த வீட்டுல நீ யாருடா?"

"மாப்பிள்ளை, அண்ணே," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், வெட்கமில்லாமல், துப்பட்டி நனைய அழுதேன். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.